நான் குடிப்பேன் என்று சொன்ன நாள்

ஆஸ்பத்திரியில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "புருஷன் குடிப்பாரா?" என்பதுதான். படிவம் நிரப்பிய தாதி தலை நிமிராமல் கேட்டார். என் புருஷன் இறந்து ஆறு வருஷமாகிறது என்றேன். அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். நான் குடிப்பேனா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் இல்லையென்றுதான் சொல்லியிருப்பேன்.

என் பெயர் பாக்கியம். வயது நாற்பத்து நான்கு. டயகமப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். குடியால் ஈரல் கெட்டுப் பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அங்கே கிடந்தபோது, என்னைப் போல இன்னொரு பொம்பளை இந்த வழியாகப் போய் வந்திருப்பாளா, அவள் ஏதாவது சொல்லிவைத்திருப்பாளா என்று பல தடவை நினைத்தேன். ஆம்பிளைகள் குடித்ததையும் விட்டதையும் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் சிரித்துக்கொண்டே பேசுவார்கள். பொம்பளை குடித்தால் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மழையில் நனைந்து மலையிலிருந்து இறங்கிய நாட்களில், மேல்வலிக்கு நல்லது என்று என் புருஷன் தன் கிளாசிலிருந்து ஒரு வாய் கொடுப்பார். அவ்வளவுதான் அப்போது. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டப் போன இடத்தில் கூடு கலைந்து, குளவிகள் அவரைக் கொட்டியே கொன்றுவிட்டன. கருமாதிக்கு வந்த ஆம்பிளைகளுக்காக வாங்கிய சாராயத்தில் ஒன்றரைப் போத்தல் மிஞ்சியது. விறகுக்குப் பின்னால் வைத்தேன். எல்லாரும் போன பிறகு, தூக்கம் வராத ஒரு நாள், அதை எடுத்துக் குடித்தேன். தூங்கினேன். மறுநாளும் அப்படித்தான். அந்தப் போத்தல்கள் முடிந்ததும் கீழ் லயத்தில் ஒரு வீட்டில் கசிப்பு, அதுதான் கள்ளச் சாராயம், வாங்கத் தொடங்கினேன். அந்தி ஆறு மணிக்குக் கதவைச் சாத்துவேன். காலையில் வாடை தெரியாமலிருக்க வெற்றிலை போட்டுக்கொண்டு, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போவேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

போன வருஷம் கால் வீங்கியது. பிறகு வயிறு. எனக்குப் பின்னால் நிரையில் நின்று பறித்த இரண்டு பேர், புருஷன் இல்லாதவளுக்கு வயிறு எப்படி வந்தது என்று என் காதில் விழும்படியே பேசினார்கள். நான் திரும்பவில்லை. அப்படி நினைத்துக்கொள்வது, உண்மை தெரிவதைவிட மேல் என்றுகூட எனக்குத் தோன்றியது. அப்படியொரு புத்தி.

ஒரு திங்கட்கிழமை காலை, கூடையோடு மலையில் விழுந்தேன். வாந்தியில் ரத்தக் கோடு இருந்தது. தோட்டத்து டிஸ்பென்சரி ஐயா என் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "மஞ்சளா இருக்கு. இங்க வச்சிருக்க ஏலாது" என்றார். பக்கத்து வீட்டு ராணி என்னோடு பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தாள். வாட்டில் கட்டில் கிடைத்ததும், "கைப்பிள்ள வீட்டுல அழுவும்க்கா, நா போயிட்டு வாறேன்" என்றாள். அவள் போய்விட்டாள். போகிற அவசரத்தில் என் செருப்பையும் தன் பையிலேயே கொண்டு போய்விட்டாள்.

முதல் இரண்டு நாளும் பரிசோதனைகள். ரத்தம் எடுத்தார்கள். வயிற்றில் குளிர்ந்த பசை தடவி ஸ்கேன் செய்தார்கள். டொக்டர் ஒரு சிங்களப் பிள்ளை. என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். அவர் சிங்களத்தில் சொன்னதைப் பக்கத்துக் கட்டிலில் இருந்த ரிஸானா ராத்தா தமிழில் சொல்லித் தந்தார். ராத்தா ஹட்டனில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் குடும்பம். சீனி வருத்தத்தால் காலில் புண் வந்து படுத்திருந்தார்.

"ஈரல்ல தழும்பு விழுந்திருக்காம். ரத்தம் அதுக்குள்ளால ஒழுங்காப் போக ஏலாம, தண்ணி வயித்துல கசிஞ்சு நிக்குதாம். அதுதான் வீக்கமாம் புள்ள."

தொப்புளுக்குக் கீழே, பக்கவாட்டில் ஊசி குத்திக் குழாய் வழியாக அந்தத் தண்ணீரை இறக்கினார்கள். பால் ஊற்றாத தேத்தண்ணி போல, வெளிறிய சாயத்தண்ணி நிறம். வலி அதிகமில்லை. பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கை இல்லை என்பதுதான் பெரிதாக இருந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

இது எதனால் வந்திருக்கும் என்று டொக்டர் கேட்டார். ராத்தா அதைத் தமிழில் கேட்டார். தெரியாது என்றேன்.

பகல் பன்னிரண்டு மணிக்குப் பார்வையாளர்களை உள்ளே விடுவார்கள். கதவு திறந்ததும் சோற்றுப் பார்சல்களோடும் பிள்ளைகளோடும் வாட்டு நிறைந்துவிடும். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். மூன்றாவது நாள் காலையிலிருந்தே கை நடுங்கியது. வியர்வையில் தலையணை ஈரமானது. ராத்தாவின் வீட்டாட்கள் வந்து சேர்ந்த நேரம், என் போர்வையின் மேல் ஓர் அட்டை ஊர்ந்தது. மழை மலையில் கால் விரலுக்கிடையில் ஏறுமே, அந்த அட்டை. தட்டிவிட்டேன். இன்னொன்று. பிறகு போர்வை முழுக்க, என் கை முழுக்க. எழுந்து நின்று, "சவக்காரம் குடுங்க! சவக்காரம் குடுங்க!" என்று கத்தினேன். அட்டை ஏறாமலிருக்க நாங்கள் காலில் சவக்காரம், அந்தச் சோப்புக் கட்டியை, தேய்ப்போம். சட்டையைப் பிடித்து இழுத்தேன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தது தெரிகிறது. அதற்குப் பிறகு நடந்தது தெரியாது.

வலிப்பு வந்து விழுந்தேனாம். கண் விழித்தபோது இரண்டு கையையும் பஞ்சுத் துணியால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். நாக்கு கடிபட்டு வீங்கியிருந்தது. பார்வையாளர் நேரம் முடியவில்லை. யாரும் சத்தமாகப் பேசவில்லை.

டொக்டர் என் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அம்மே, அரக்கு பொனவத?" என்று மெதுவாகக் கேட்டார்.

சாராயம் குடிப்பீங்களா என்று ராத்தா தமிழில் சொல்ல வாயெடுத்தார். எனக்கு அது தேவைப்படவில்லை. அந்தக் கேள்வியைத் தமிழில் கேட்டிருந்தால் என்னால் பதில் சொல்லியிருக்க முடியாது. தமிழில் எனக்கு அம்மா இருந்தாள், மாமியார் இருந்தாள், லயம் முழுக்க இருந்தது. சிங்களத்தில் எனக்கு யாருமில்லை.

"மம பொனவா, டொக்டர்," என்றேன். நான் குடிப்பேன். பிறகு, "ஹெமதாம பொனவா." தினமும்.

டொக்டர் தலையாட்டினார். முகம் சுளிக்கவில்லை. முன்னமே சொல்லியிருக்கலாமே என்றும் கேட்கவில்லை. தாதியிடம் ஏதோ சொல்லி, கைக்கட்டை அவிழ்க்கச் செய்தார். பிறகுதான், ராத்தா வழியாக, டொக்டரின் விளக்கம் கிடைத்தது. வருஷக்கணக்காகக் குடித்தால், சாராயம் வரும் என்று எதிர்பார்த்தே மூளையும் நரம்பும் வேலை செய்யப் பழகிவிடுமாம். திடீரென்று நின்றால் அவை கட்டறுந்த மாடு போல ஓடும். நடுக்கம், இல்லாதது தெரிவது, வலிப்பு எல்லாம் அதனால்தான். அதில் செத்துப்போகிறவர்களும் உண்டு. அதனால் வீட்டிலிருந்துகொண்டு ஒரே நாளில் நிறுத்தப் பார்க்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள், முதல் நாளே உண்மையைச் சொல்லிவிடுங்கள். இதை எழுத நான் உட்கார்ந்ததே பாதி இதற்காகத்தான். நரம்பை அடக்க மாத்திரையும், குடிகாரர்கள் உடம்பில் குறைந்துபோகும் ஒரு விட்டமினை ஊசியாகவும் கொடுத்தார்கள். மாத்திரையின் அளவை நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வந்தார்கள். ஐந்தாறு நாளில் கை நடுக்கம் நின்றது.

நடுக்கம் நின்றதும் மற்றது தொடங்கியது. அதுவரை ஒரு பிஸ்கட்டாவது நீட்டிய பொம்பளைகள் என் கட்டில் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார்கள். எதிர்க் கட்டில்காரி தன் மருமகளிடம் என்னைக் கண்ணால் காட்டினாள். ராத்தாகூட இரண்டு நாள் பேசவில்லை. வாட்டில் முப்பது பேர் இருந்தும், டொக்டர் வந்து போகிற நேரம் தவிர என் பெயரை யாரும் சொல்லாத நாட்கள் அவை. குடித்திருந்தால் அந்தத் தனிமை தெரிந்திருக்காது. தெளிந்த தலையோடு அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

அதற்கு அடுத்த நாள் ராத்தாவே வாயைத் திறந்தார். என்னைப் பார்க்காமல், தன் காலைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"என்ட தம்பி இதுலதான் மௌத்தாப் போனான். வெக்கத்துல மூணு வருசம் நான் அவனோட பேசவே இல்ல. நேத்தும் முந்தாநாளும் ஒங்களுக்கும் அதையேதான் செஞ்சேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஒங்களுக்குப் புள்ளைகள் இல்லியா?"

"ஒரு மக. கொழும்புல, வெள்ளவத்தையில ஒரு புடவக் கடையில நிக்கிறா. பேரு தர்ஷினி."

"அவக்குத் தெரியுமா நீங்க இங்க இருக்குறது?"

"ரெண்டு வருசமா அவ என்னோட பேசுறதில்ல, ராத்தா."

அவர் தன் போனை நீட்டினார். என்னுடையது வீட்டில் கிடந்தது. நம்பர் எனக்கு மனப்பாடம். தர்ஷினி எடுத்தாள். ஆஸ்பத்திரியில் இருக்கிறேன் என்றேன். "எந்த வாட்டு?" என்றாள். சொன்னேன். "சரி" என்று வைத்துவிட்டாள்.

அதற்கு மறுநாள் மனநலப் பிரிவிலிருந்து ஒரு தமிழ்த் தாதி வந்தார். எப்போது தொடங்கியது, எவ்வளவு, எந்த நேரம் என்று கேட்டு எழுதினார். கடைசியில், "யாருக்காக நிறுத்தப் போறீங்க?" என்றார். பிள்ளைக்காக என்று எல்லாரும் சொல்லும் பதில் வாய் வரை வந்தது. ஆனால் என் பிள்ளை என்னைக் கேட்கவே இல்லையே. தெரியாது மிஸ் என்றேன். "அவசரமில்ல. யோசிச்சு வைங்க" என்று எழுந்து போனார்.

தர்ஷினி பதினான்காவது நாள் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை. கதவு திறந்ததும் வந்த கூட்டத்தில், தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்த ஒரு பெண் என் கட்டில் கால்மாட்டில் வந்து நின்ற பிறகுதான் அது என் மகள் என்று தெரிந்தது.

"எப்பிடி இருக்கீங்க?"

"இப்பப் பரவால்ல. சாப்ட்டியா?"

"வர்ற வழியில சாப்ட்டேன்."

ராத்தா எழுந்து, நொண்டிக்கொண்டே வெளி விறாந்தைக்குப் போனார். நான் இரண்டு வருஷமாக மனசில் வைத்திருந்ததைக் கேட்டேன். அவள் வீட்டை விட்டுப் போனதற்கு முந்திய வாரம், ஒரு காலை, நான் எழுந்து வந்தபோது எங்கள் இரும்புப் பெட்டியின் பூட்டு உடைந்து கிடந்தது. அவள் அதற்குள் கையை விட்டுக்கொண்டிருந்தாள். சாவி எப்போதும் என்னிடம்தான் இருக்கும். அவளை அடித்தேன். பெட்டியை உடைத்த பிள்ளை என்று லயத்தில் சொன்னேன்.

"பொட்டிய ஏன் ஒடச்ச? இப்பயாச்சும் சொல்லு. நா கோவிக்க மாட்டேன்."

அவள் என்னையே பார்த்தாள். "ஒங்களுக்கு நெசமாவே தெரியாதா? மொத நாளு அந்தியில நா சொன்னது ஒன்னுமே ஞாபகம் இல்லியா?"

"இல்ல."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அன்னைக்குத்தான் கல்வியியற் கல்லூரி கடிதாசி வந்துச்சு. மறுநாள் காலைல ஒம்போது மணிக்கு இன்டர்வியூ. பெறப்புச் சான்றிதழ், பரீட்சச் சான்றிதழ் எல்லாம் மூலப்பிரதி வேணும்னு இருந்துச்சு. எல்லாம் பொட்டிக்குள்ள. ஒங்ககிட்ட வாசிச்சுக் காட்டுனேன். நீங்க அப்பிடிச் சிரிச்சீங்க. என் தலையில கைய வச்சு, நம்ம வீட்டுல மொத டீச்சர்னு சொன்னீங்க. காலைல நாலு மணிக்கு எழுப்பு, சாவி தாறேன், இருட்டுல ஒன்னத் தனியா விடமாட்டேன், ரோட்டு வரைக்கும் நானும் வாறேன்னீங்க. நீங்க குடிச்சிருக்கீங்கன்னே எனக்குத் தோணல. அவ்வளவு நல்லாப் பேசுனீங்க."

மடியில் வைத்திருந்த பையின் காதை முறுக்கிக்கொண்டே தொடர்ந்தாள்.

"நாலு மணிக்கு எழுப்புனேன். அஞ்சு மணிக்கு எழுப்புனேன். மூஞ்சில தண்ணி தெளிச்சேன். சாவியத் தேடிப் பாத்தேன். கடைசில அப்பாவோட கவ்வாத்துக் கத்திய எடுத்துப் பூட்ட ஒடைக்கிறப்ப மொத பஸ்ஸு போயிருச்சு. அடுத்த பஸ்ஸுல போயாவது கெஞ்சிக் கேப்போம்னுதான் சான்றிதழ எடுத்தேன். அப்பதான் நீங்க வந்து அடிச்சீங்க. ஒதடு கிழிஞ்சு ரத்தம். அந்த மூஞ்சியோட யாரு முன்னாடி போயி ஒக்காருறது?"

"எனக்குத் தெரியாம..." என்று தொடங்கினேன்.

"தெரியாதுன்னு இப்பதான் எனக்கே தெரியும். வேணும்னே செஞ்சீங்கன்னு நெனச்சிருந்தேன்."

அவள் அழவில்லை. எனக்கும் அழுகை வரவில்லை. என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த நல்ல அந்தி அதுதான். என் மகள் என் முன்னால் நின்று கடிதாசி வாசித்திருக்கிறாள், நான் சிரித்திருக்கிறேன், அவள் தலையில் கை வைத்திருக்கிறேன். என்னிடம் அதில் ஒரு துளியும் இல்லை. அவளிடம் மட்டும்தான் இருக்கிறது, அதுவும் கெட்டுப்போய்.

மணியடிப்பதற்கு முன்பே எழுந்தாள்.

"எனக்காக நிறுத்துறேன்னு சொல்லாதீங்கம்மா. அந்தப் பாரத்த என்னால தூக்க ஏலாது. நா திரும்பி வந்து ஒங்களோட இருக்கவும் மாட்டேன்."

கொண்டுவந்த பையைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனாள். துவாய், சவக்காரம், பல்துலக்கி, ஒரு சோடி ரப்பர் செருப்பு. பதினான்கு நாளாக வெறுங்காலோடு கழிவறைக்குப் போய்க்கொண்டிருந்தேன். என் கால் அளவு அவளுக்கு நினைவிருந்தது.

மறுநாள் அந்தத் தமிழ்த் தாதி வந்து பழைய கேள்வியையே கேட்டார்.

"யாருக்காகவும் இல்ல மிஸ்," என்றேன். "யாராவது என்கிட்ட ஒன்னச் சொன்னா, அடுத்த நாளு அது எனக்கு ஞாபகம் இருக்கணும். அவ்வளவுதான்."

அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

பதினெட்டாவது நாள் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். உப்புக் குறை, மாத்திரை, மாதம் ஒரு கிளினிக். தழும்பு மாறாது, மிச்சமிருக்கும் ஈரலைக் காப்பாற்றலாம் என்றார் டொக்டர். ராத்தாவுக்கு ஒரு கால் விரலை எடுத்திருந்தார்கள், தூக்கத்தில் இருந்தார். சொல்லாமலே வந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் ஆஸ்பத்திரி எவ்வளவு சுலபம் என்று தெரிந்தது. அங்கே குடிக்க இல்லை, இங்கே கீழ் லயம் நடை தூரம். ஆறு மணி வந்தால் உடம்பே கதவைச் சாத்தப் போகும். கதவைத் திறந்து வைத்து முன்வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்திருப்பேன். ஆட்கள் கடந்து போவார்கள். ராணி மட்டும் நின்று ஒரு வார்த்தை பேசுவாள். மலைக்குப் போகும்போது கீழ் லயத்து வழியை விட்டு, சுற்றி, தண்ணீர் ஓடும் கானோரமாகப் போவேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிறு அந்தி போன் வந்தது. தர்ஷினி. மாத்திரை போட்டீங்களா, என்ன சமைச்சீங்க. இரண்டு நிமிஷம். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் அழைத்தாள். நான் நிறுத்திவிட்டேனா என்று அவள் ஒருநாளும் கேட்கவில்லை.

நாலாம் மாதம் புருஷனுக்குத் திதி வந்தது. படைத்தேன். அவருக்கு வைத்த சாராயக் கிளாசை எடுத்து வெளியே ஊற்றிவிடத்தான் போனேன். ஊற்றவில்லை. குடித்தேன். கீழ் லயத்துக்கும் போனேன். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் போனைப் பார்த்தபோது, தர்ஷினி அழைத்திருந்ததும், நான் ஒன்பது நிமிஷம் பேசியிருந்ததும் தெரிந்தது. என்ன சொன்னாள், என்ன சொன்னேன், ஒன்றுமில்லை. அந்த ஒன்பதையே பார்த்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அடுத்த ஞாயிறு அவள் அழைக்கவில்லை. அதற்கடுத்ததும். நான் அழைத்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

கிளினிக்கில் அந்தத் தமிழ்த் தாதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "ஒரு நாள் குடிச்சீங்க. அடுத்த நாளும் குடிச்சீங்களா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப இன்னும் நடந்துகிட்டுத்தான் இருக்கீங்க" என்றார். வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது, மகள் இனி அழைக்கவே மாட்டாள் என்றாலும் குடிக்கக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதைச் சொல்ல அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

ஆறு ஞாயிறு போனது. ஏழாவது ஞாயிறு அழைத்தாள். வாயைச் சரியாகத் திறக்காமல் பேசினாள். கடைவாய்ப் பல்லில் வலியாம், இடது பக்கம், கீழே. முதலாளியம்மா செவ்வாய்க்கிழமை அரை நாள் விட்டிருக்கிறார், பல் டொக்டரிடம் போகப்போகிறாள். கிராம்பு வைத்துக்கொள் என்றேன். சரி என்று வைத்துவிட்டாள்.

அந்த வாரம் முழுக்கக் கொழுந்து பறித்துக்கொண்டே அதை நினைத்திருந்தேன். இடது பக்கம். கீழே. செவ்வாய்க்கிழமை. அரை நாள்.

அடுத்த ஞாயிறு அவள் அழைத்ததும், மாத்திரை பற்றி அவள் கேட்பதற்கு முன்னாலேயே நான் கேட்டேன்.

"செவ்வாக்கெழம போனியா? அந்தக் கீழ்ப் பல்லு, இடது பக்கம். புடுங்குனாங்களா?"

போன் அறுந்துவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அறுந்திருக்கவில்லை.

"புடுங்கல," என்றாள். "அடச்சிருக்காங்க." பிறகு, "அந்த டொக்டர் இருக்காரே, அவரு பண்ணுன கூத்தக் கேளுங்களேன்" என்று சொல்லத் தொடங்கினாள்.